சுட்ட கறியும் வெந்த கறியும்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மாமல்லபுரத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஏறியதும், வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினேன். வலித்தது. தூசி விழுந்த வலி இல்லை. கண்ணுக்குப் பின்னால், கண்ணை இழுத்துத் திருப்புகிற இடத்தில் வலி. இடப்பக்கம் பார்த்தேன், அங்கும் அப்படியே. கழுத்தோடு சேர்த்துத் தலையைத் திருப்பினால்தான் பின்னால் வரும் வண்டி தெரிந்தது.

நான் வேன் ஓட்டுநர். திருக்கழுக்குன்றத்தில் கிளம்பி, வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிறுசேரிப் பக்கத்துக் கணினி அலுவலகங்களில் இறக்கிவிடுவது என் வேலை. பதினொரு பேர். பெரும்பாலும் பின்னால் தூங்கிக்கொண்டு வருவார்கள். முன் இருக்கையில் உட்காரும் மதுரைப் பெண் மட்டும் விழித்திருப்பாள். அன்று அவள்தான் முதலில் கவனித்தாள்.

“அண்ணே, கண்ணு ரெண்டும் என்ன இப்படி வீங்கியிருக்கு? ராத்திரி தூங்கலையா?”

தூங்கியிருந்தேன். கோவளம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி முகத்தைப் பார்த்தேன். மேலிமைகள் இரண்டும் தண்ணீர் கோத்த மாதிரி பருத்திருந்தன. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தபோது, தோளிலிருந்து முழங்கை வரை கல் மூட்டை சுமந்த மறுநாள் வலி. பதினொரு பேரை வைத்துக்கொண்டு இனி ஓட்டக் கூடாது என்று தோன்றியது. முதலாளிக்குப் போன் செய்து வேறு ஓட்டுநரை வரச் சொன்னேன். இந்த நோயில் நான் எடுத்த முதல் நல்ல முடிவு அது. அடுத்த பத்து நாளில் நல்ல முடிவு எதுவும் எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் பார்த்தார்கள். நூற்று இரண்டு. முகம் வீங்கியிருந்ததால் சிறுநீரகமாக இருக்குமோ என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. கொசுக் காய்ச்சல்களுக்கும் பார்த்தார்கள், அதுவும் இல்லை. காய்ச்சல் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாள் இட்லி மெல்ல முடியவில்லை. தாடை வலித்தது. சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. படுக்கையில் புரள வேண்டுமென்றால் என் மனைவி தேவகி வந்து புரட்ட வேண்டும். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. உடம்பில் இத்தனை தசைகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எது அசைந்தாலும் வலித்தது.

தேவகிதான் செங்கல்பட்டில் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அங்கே பொது மருத்துவப் பிரிவில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். ரத்தப் பரிசோதனைத் தாளை நெடுநேரம் பார்த்தார். ஈசினோஃபில் (ஒவ்வாமையின்போதும், உடம்புக்குள் புழு நுழையும்போதும் கூடுகிற ஒருவகை வெள்ளணு) பல மடங்கு கூடியிருக்கிறது என்றார். தசை நொதியும் (தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கிற பொருள்) மிக அதிகம் என்றார். பிறகு கட்டிலுக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“போன ஒரு மாசத்துல வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சா?”

“மூணு வாரம் முன்னாடி ரெண்டு நாள் இருந்துச்சு மேடம். தானா நின்னுடுச்சு.”

“அதுக்கு முன்னாடி பன்னிக்கறி, காட்டு விலங்குக் கறி ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்ல மேடம். மீனு, கோழி, அவ்ளோதான்.”

பொய். தேவகி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று காலைதான் என் மச்சான் வேதகிரி போன் செய்திருந்தான். என் தங்கை அமுலுவின் கணவன். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. “மச்சான், யாரு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத. பாரஸ்ட்காரன் காதுக்குப் போச்சின்னா என்னத் தூக்கினு போயிடுவான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு கீறேன்.”

நடந்தது இதுதான். வேதகிரி மலையடிவாரத்தில் வேர்க்கடலை போட்டிருந்தான். காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, உழுது போட்ட மாதிரி வயலைக் கிளறிவிட்டுப் போயின. மூன்றாவது முறையும் அப்படி ஆனதும் அவன் கம்பியில் சுருக்கு வைத்தான். சட்டப்படி அது குற்றம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய ஆண் பன்றி ஒன்று சிக்கியது. எனக்கும், பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினான். நான்கு பேருமாக வயலிலேயே அறுத்தோம். அறுத்துக்கொண்டிருக்கும்போதே விறகைக் கொளுத்தி, தொடைக்கறியைப் பெரிய துண்டுகளாகக் கம்பியில் கோத்துச் சுட்டோம். வெளியே கருகியது. உள்ளே சிவப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். “இளங்கறி மாதிரி கீது” என்று நான்தான் சொன்னேன். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன்.

மீதியைப் பங்கிட்டு ஆளுக்கொரு பை எடுத்துப்போனோம். என் பங்கைத் தேவகி குழம்பு வைத்தாள்.

பொய் சொன்ன பிறகு இரண்டு நாள் மருத்துவர்கள் வேறெங்கெங்கோ தேடினார்கள். அவர்கள் தேடத் தேட எனக்கு ஊசிகள் கூடின. தைராய்டு பார்த்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். உடம்பே தன் தசையைத் தாக்குகிற நோயோ என்று ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை அந்த மருத்துவர், ரத்தப் புற்றுநோயிலும் இந்த அணுக்கள் இப்படிக் கூடலாம், அது இல்லை என்று உறுதி செய்ய இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற பகுதி) எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போடத் தாளை நீட்டினார்.

எனக்குக் கை தூக்க வரவில்லை. தேவகி தாளை வாங்கினாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

“மேடம், இவரு பொய் சொல்லினுகீறாரு,” என்றாள். “காட்டுப்பன்னி சாப்பிட்டாரு. நான்தான் ஆக்கிப் போட்டேன். என்னாலதான் இப்பிடி ஆயிடுச்சி.”

மருத்துவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எப்போ?” என்று கேட்டார். சொன்னாள். விரலில் நாள் எண்ணிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“குழம்ப யார் யார் சாப்பிட்டீங்க?”

“நானும் எம்பொண்ணும் சாப்ட்டோம். இவரு அன்னிக்குக் கொஞ்சமாத்தான் சாப்ட்டாரு.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையா? வயித்து வலி, காய்ச்சல்?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“எப்படிச் சமைச்சீங்க?”

தேவகி கேள்வி புரியாதவளாக என்னைப் பார்த்தாள். “காட்டுக்கறி வேவாதுன்னு சின்னச் சின்னதா நறுக்கினேன். குக்கர்ல ஏழெட்டு விசில் வுட்டேன். அப்பவும் நாரா இருந்துச்சின்னு இன்னும் நாலு விசில் வுட்டு, சட்டியில மாத்திச் சுண்ட வச்சேன்.”

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க வேற எங்க சாப்பிட்டீங்க?”

நான் வயலைப் பற்றிச் சொன்னேன். சுட்டதைச் சொன்னேன். உள்ளே சிவப்பாக இருந்ததையும் சொன்னேன்.

அவர் தேவகியின் கையிலிருந்து தாளை வாங்கி மடித்தார். “உங்க குழம்பால வரலம்மா. அந்தக் குழம்பாலதான் நீங்களும் பொண்ணும் தப்பிச்சீங்க.”

தேவகி இத்தனை நாளாக மனதில் என்ன சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நோயின் பெயர் டிரிக்கினெல்லோசிஸ் (வேகாத இறைச்சி வழியாக வரும் தசைப்புழு நோய்). பன்றி போன்ற விலங்குகளின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் சுருண்டு கிடக்கும். அரைவேக்காட்டில் தின்றால் அவை நம் குடலில் விழித்து, வளர்ந்து, குஞ்சு பொரிக்கும். எனக்கு வந்த வயிற்றுப்போக்கு அதுதான். பிறகு அந்தக் குஞ்சுகள் ரத்தத்தில் ஏறித் தசைகளுக்குப் போகும். ஓயாமல் வேலை செய்கிற தசைகளைத்தான் அதிகம் தேடிப் போகுமாம். கண்ணைத் திருப்பும் தசை, தாடை, நாக்கு, கெண்டைக்கால், மூச்சுவிட உதவும் தசைகள். நம் பக்கங்களில் அரிதான நோய் என்றார் மருத்துவர். அரிது என்பதால்தான் நோயாளி வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தோன்றாது.

உறுதி செய்ய என் கெண்டைக்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நெல்மணியைவிடச் சற்றுப் பெரிதாகத் தசை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவர் தன் கைப்பேசியில் படம் காட்டினார். இளஞ்சிவப்பு நார்களுக்கு நடுவே நூல் சுருட்டி வைத்தது போல ஒன்று இருந்தது. “இதுவா?” என்று கேட்டேன். “இதுதான்” என்றார். என் காலுக்குள் இருப்பதை நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அருவருப்பு வரவில்லை. பெயர் தெரிந்துவிட்ட நிம்மதிதான் வந்தது.

“அந்த வயல்ல சாப்பிட்ட மத்த மூணு பேரும் இன்னிக்கே வரணும்,” என்றார் மருத்துவர்.

“கேஸு ஆயிடுமா மேடம்?”

“நான் போலீஸ் இல்ல. நோயைப் பத்தி சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, அதைச் சொல்லுவேன். மத்தது உங்க மச்சானோட பிரச்சினை. ஆனா இது இதயத் தசைக்கும் போகலாம். எது பெருசுன்னு அவரையே கேளுங்க.”

நிலத்துக்காரர்கள் இருவரும் மதியமே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு லேசான வலி, இன்னொருவருக்கு முகவீக்கம். வேதகிரி வரவில்லை. போன் போட்டேன்.

“சும்மா ஒடம்பு வலிதான் மச்சான். மாத்திர போட்டுகினு கீறேன். ரெண்டு நாளுல சரியாப் பூடும்.”

“டேய், பேரு கண்டுபிடிச்சிட்டாங்கடா. நீதான நெறைய தின்ன. வந்து ஊசி போட்டுக்க.”

“நீ சொல்லிட்டியா?”

அவன் போனை வைத்துவிட்டான். சற்று நேரத்தில் அமுலு கூப்பிட்டாள். கொல்லைப் பக்கம் போய் நின்று பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“ணா, காலையில மாடு அவுக்கப் போனவரு வழியிலியே ஒக்காந்துட்டாரு. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. நெஞ்சு படபடன்னுதுன்றாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு.”

என்னால் எழுந்து நிற்க முடியாது. தேவகிதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கே நடந்ததைப் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேதகிரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வெளியே கொடிக்கயிற்றில் அவன் பங்குக் கறி உப்புக்கண்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த கறி. அதில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்திருந்தார்கள். உப்புப் போட்டாலும், காயவைத்தாலும், புகை போட்டாலும் அந்தப் புழு சாகும் என்று நம்ப முடியாது என மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். தேவகி கொடியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினாள். பக்கத்து வீட்டுக்குப் போய், நல்ல வேளையாக இன்னும் சமைக்காமல் இருந்த பங்கையும் கேட்டு வாங்கி வந்தாள். நாய்க்குப் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, நாய்க்கும் வரும் என்றாள். அமுலுவும் அவளுமாகக் கறியை எரித்து, மிச்சத்தை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பிறகு தேவகி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒம் மச்சானுக்கு இடுப்பெலும்புல ஊசி போட இருந்தாங்க. நீ சொல்லக் கூடாதுன்னு சொன்னன்னுட்டு அவரு வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன். கோச்சிக்கினா எம்மேல கோச்சிக்க. வண்டி வெளியில நிக்குது.”

“என்னப் புட்சினு போயிட்டா இதுங்க இன்னா பண்ணும்க்கா?”

“புட்சினு போனா திரும்பி வருவ.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஆட்டோ வரை தாங்கித்தான் கொண்டுபோனார்களாம்.

அவனுக்கு இதயத் துடிப்பு வரைபடத்தில் மாற்றம் இருந்தது. மயோகார்டிடிஸ் (இதயத் தசை அழற்சி) என்றார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். “வந்துட்டாரு இல்ல, அதைப் பாருங்க,” என்றார்.

சிகிச்சை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆல்பெண்டசோல் (குடற்புழுவுக்குக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கிற மாத்திரை) இரண்டு வாரம். கூடவே ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து), பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அளவை இங்கே எழுதவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் தாங்கள் கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடலில் இருக்கும்போது மருந்து நன்றாக வேலை செய்யும், தசைக்குள் போய்விட்டால் அவ்வளவு எளிதில்லை. சீக்கிரம் வருவதற்கு அதுதான் காரணம்.

தேவகிக்கும் எங்கள் மகள் யாழினிக்கும் ரத்தம் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அமுலுவும் அவள் பிள்ளைகளும் அந்த வீட்டில் குழம்பாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஒரே பன்றி. சுட்டதைத் தின்ற நான்கு பேரும் படுத்தோம். வேகவைத்துத் தின்றவர்கள் எல்லாரும் நடமாடினார்கள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்த நோயோடு இருக்கலாம். சிலர் வீட்டில் இப்போதுதான் காட்டுக்கறி வந்திருக்கலாம். முதலில் சொல்ல வேண்டியது: நம் ஊரில் காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். அதை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் கறி ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தால், சட்டத்துக்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நான் மறைத்த இரண்டு நாள் வேதகிரியின் இதயத்துக்குத்தான் வினையாகியிருக்கும்.

அடுத்தது, எந்தப் பன்றிக்கறியாக இருந்தாலும், கடையில் வாங்கிய வளர்ப்புப் பன்றியாக இருந்தாலும், நன்றாக வேக வேண்டும். கறியின் நடுப்பகுதி எழுபத்தோரு டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, வெளியே கருகியது உள்ளே பச்சையாக இருக்கும். பெரிய துண்டாகச் சுடுவதைவிடச் சிறிதாக நறுக்கிக் கொதிக்கவிடுவது நல்லது. மைக்ரோவேவ் அடுப்பில் சூடு ஒரே சீராகப் பரவாது. குளிர்பெட்டியில் உறைய வைத்தால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். காட்டு விலங்கின் புழுக்களில் சில உறைபனியையும் தாங்கும் என்பதால் அதை நம்பக் கூடாது. பச்சைக் கறி அறுத்த கத்தியையும் பலகையையும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பச்சைக் கறியையும் ரத்தத்தையும் தொடவே கூடாது, அந்த வழியாக வருகிற காய்ச்சல்கள் வேறு இருக்கின்றன. அன்று வயலில் எங்கள் நான்கு பேர் கையிலும் கீறல் இருந்தது. உறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. காய்ச்சல் முதலில் போனது. பிறகு கண் வீக்கம். தாடை வலி மூன்று வாரம் இருந்தது. கைகளுக்குத் தெம்பு திரும்பியது இரண்டாம் மாதம். ஒரு நாள் காலையில் கண்ணை மட்டும் திருப்பி ஜன்னலில் காகத்தைப் பார்த்தேன். வலிக்கவில்லை. தேவகியைக் கூப்பிட்டு, “இங்க பாரு, இப்பிடிப் பாக்குறேன்” என்று இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டிக் காட்டினேன். “பைத்தியமாட்டம் பண்ணாதீங்க,” என்றாள். ஆனால் இன்னொரு முறை செய்யச் சொன்னாள்.

வேதகிரிக்கு இன்னும் நாளானது. இதயப் படம் சரியாகும் வரை மண்வெட்டி தொடக் கூடாது என்றார்கள். உடம்பு தேறியதும் அவனே வனத்துறை அலுவலகத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். மிச்சமிருந்த சுருக்குக் கம்பிகளை மேசைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். வழக்கு உண்டு, அது அதன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. பயிர்ச்சேதத்துக்கு மனு கொடுக்கலாம் என்று அங்கேதான் ஒருவர் சொல்லி, எப்படி எழுதுவது என்றும் காட்டினார். “இத மொதல்லியே கேட்டிருக்கலாம் மச்சான்,” என்றான் வெளியே வந்ததும். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, வேதகிரியையும் அமுலுவையும் சாப்பிடக் கூப்பிட்டோம். செங்கல்பட்டில் கடையில் வளர்ப்புப் பன்றிக்கறி வாங்கலாம் என்று தேவகிதான் சொன்னாள். எனக்கு விருப்பமில்லை. “பயந்துகினே இருந்தா எதையும் துன்ன முடியாது. ஒழுங்கா வேவ வச்சா ஒண்ணும் ஆவாது,” என்றாள். யாழினி கறிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றை வரவழைத்திருந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். அன்று அடுப்படியில் அவள்தான் அதிகாரி.

“அம்மா, தொண்ணூத்தாறு காட்டுது.”

“அது கொழம்பு சூடு. கறியில குத்திப் பாரு.”

பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் குத்தினாள். எண் ஏறுவதை நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். எண்பத்தெட்டில் நின்றது. யாழினி இன்னும் மூன்று துண்டுகளைக் குத்திப் பார்த்த பிறகுதான் தட்டு எடுக்கவிட்டாள்.

தட்டில் கறி விழுந்ததும் வேதகிரி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இருவரும் கை வைக்கவில்லை. தேவகி எங்கள் முன்னால் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகு அமுலு. அதற்குப் பிறகுதான் நாங்கள். முதல் வாய் மெல்லும்போது சுவையை நான் கவனிக்கவில்லை. தாடை அசைகிறது, வலி இல்லை, அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாயில்தான் மிளகு தெரிந்தது.

மருத்துவர் கடைசியாகப் பார்த்தபோது நான் ஒன்று கேட்டேன். உள்ளே இருந்தவை எல்லாம் போய்விட்டனவா? அவர் பொய் சொல்லவில்லை. தசைக்குள் புகுந்தவற்றில் சில அங்கேயே இருக்கும் என்றார். அவற்றைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டிவிடும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அந்த உறையில் சுண்ணாம்பு படியும். கடைசியில் ஒரு தொந்தரவும் தராத வெறும் புள்ளிகளாகிவிடும். “உங்க உடம்பு பாத்துக்கும். நீங்க நடந்துக்கிட்டே இருங்க,” என்றார்.

அதனால் நடக்கிறேன். வேன் ஓட்டவும் திரும்பிவிட்டேன். போன வாரம் நானும் வேதகிரியும் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறினோம். அந்த மலைச்சாமியின் பெயர்தான் அவனுக்கு. பிறந்ததிலிருந்து ஒரே மூச்சில் ஏறிப் பழகியவர்கள் நாங்கள். இந்த முறை பாதி வழியில் தொடை நடுங்கத் தொடங்கியது. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான். வலியா என்று கேட்டேன். இல்லை, துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றான். படியோரம் உட்கார்ந்தோம். பள்ளிப் பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பேசிக்கொண்டே மேலே போனது. கீழே குளமும், குளத்தைச் சுற்றி வீடுகளும், தூரத்தில் பச்சையாக வயல்களும் தெரிந்தன.

கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். அதற்குள் எங்கோ மிகச் சிறிய அளவில், நான் பார்க்க முடியாத வேகத்தில், சுண்ணாம்பு படிந்துகொண்டிருக்கிறது. அது முடிய எத்தனை ஆண்டாகும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டுகள் எனக்கு இருக்கின்றன என்பது மட்டும் தெரிகிறது. இதற்கு முன்பு என் உடம்பை ஓட்டிக்கொண்டு போகிற ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். நான் கவனிக்காதபோதும் அது எனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

“போலாமா மச்சான்?” என்றான் வேதகிரி.

“இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காருவோம்.”

“சரி,” என்று அவனும் காலை நீட்டிக்கொண்டான். மூச்சு இரண்டு பேருக்கும் சமமான பிறகு எழுந்து மீதிப் படிகளை ஏறினோம்.